காரணம் கேட்கக் கூடாது

ஜூன் 4, செவ்வாய்

உம்மணாமூஞ்சிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "உம்" என்பாய். பிறகு நான் அழுவேன், நீ "சரி, வைக்கட்டுமா?" என்பாய். ஆறு வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் குடியிருந்து நான் கண்டது இவ்வளவுதான். அதனால்தான் கடிதம். தபாலில் நீ வெறும் "உம்" என்று எழுதி அனுப்பினால் தபால்காரரே உன்னைத் திட்டுவார்.

நடந்ததை வக்கீல் மாதிரி வரிசையாக எழுதுகிறேன். எங்கேயாவது தப்பு இருந்தால் மறுத்து எழுது.

என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் நீங்கள் மூன்று பேர். நீ, டீச்சர், வக்கீல். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கவுன் எடுக்க நகரத்துக்குப் போவது என்று மார்ச் மாதமே முடிவு செய்தோம். டீச்சருக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று ஒரு தடவை தள்ளிப் போட்டோம். குழந்தைக்குச் சளி என்று இன்னொரு தடவை. கடைசியில் போன சனிக்கிழமைதான், குழந்தையை டீச்சரின் அம்மாவிடம் விட்டுவிட்டு, ரயில் ஏறினோம். ஏறியதும் நான் ஒரு சட்டம் போட்டேன். "ரெண்டு நாள் யாரும் பாப்பா பேச்சு எடுக்கக் கூடாது, எடுக்கறவங்கதான் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்" என்றேன். டீச்சர்தான் முதலில் சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

லாட்ஜில் போய் இறங்கியதும் டீச்சர் பாத்ரூமுக்குள் போனவள் போனவள்தான். நீ கதவுக்கு வெளியே காவல்காரி மாதிரி நின்றாய். "என்னடி, உள்ள என்ன பண்றா?" என்றேன். "தலை வாரிட்டு இருக்கா" என்றாய். அரை மணி நேரம் வாருகிற அளவுக்கு அவள் தலையில் முடி இல்லை. எனக்கும் தெரியும். இருந்தும் விட்டேன்.

கடையில் நடந்ததை எப்படி விடுவது? மூன்றாவது மாடி, அவ்வளவு பெரிய கடை. அந்த விற்பனைப் பெண் அலுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். நீயும் டீச்சரும் ஒரே ட்ரையல் ரூமுக்குள் போய்க் குசுகுசுவென்று பேசினீர்கள். வெளியே வந்ததும் நீ "வேண்டாம்" என்றாய். கரும்பச்சை கவுன், வேண்டாம். வெளிர் ஊதா, வேண்டாம். மாதுளை நிறம், அதுவும் வேண்டாம். வக்கீல் ஒவ்வொன்றிலும் ராணி மாதிரி இருந்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நீ மட்டும் ஒற்றைக்காலில் நின்றாய். எட்டு கவுன், எட்டு வேண்டாம். அந்த விற்பனைப் பெண் கடைசியில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்ததைப் பாதியிலேயே திரும்ப மாட்டினாள்.

சரி, நம்முடைய விதி இருக்கிறது. ஹாஸ்டலில் நீ அந்தக் கண்றாவி ஆரஞ்சு ஷூவை வாங்கி வந்த பிறகு வக்கீல் போட்ட விதி. நாலு பேரும் சேர்ந்து எது வாங்கினாலும் ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை, கவனித்திருப்பாய். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்த "வேண்டாம்" சொன்னதில்லை. ஒரே நாளில் எட்டு சொன்னவள் நீதான்.

இப்போது அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குப் பிறகு கடல் தாண்டிப் போய்விடுவேன். காரணம் கேட்கக் கூடாதுதான். ஆனால் நீயாகவே சொன்னால் நான் காதைப் பொத்திக்கொள்ள மாட்டேன்.

வாயாடி


ஜூன் 8, சனி

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. தப்பு ஒன்றுதான். அந்த ஷூ ஆரஞ்சு இல்லை, செங்கல் நிறம்.

காரணம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தானே விதி. வக்கீலைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. டீச்சர் மேலும் நீ கோபப்படாதே. நாங்கள் உன்னைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ குசுகுசுக்கவில்லை. இதை மட்டும் நம்பு.

மறுபடி கவுன் பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய். முதுகுப் பக்கம் ஜிப் வைத்த எதையும் எடுக்காதே. ஏன் என்று கேட்காதே.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். எக்ஸ்ரே அறையில் ஏசி கெட்டுவிட்டது. நோயாளிகளிடம் "மூச்சைப் பிடிங்க" என்றால் "ஏற்கெனவே பிடிச்சுட்டுதாம்மா இருக்கேன்" என்கிறார்கள். உன் பிசியோதெரபி பிரிவில் உனக்குப் பதிலாக ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். முழங்கால் மடக்கச் சொல்லும்போது நோயாளியைவிட அவன்தான் அதிகம் கத்துகிறான். பெரியவர்கள் உன்னைக் கேட்கிறார்கள்.

உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உம்மணாமூஞ்சி


ஜூன் 12, புதன்

உனக்கு,

பேர் சொல்லி அழைக்கவும் மனம் வரவில்லை. நான் நெஞ்சைத் திறந்து நாலு பக்கம் எழுதினேன். நீ ஷூவின் நிறத்தைத் திருத்தி, ஏசியைப் பற்றி எழுதி, செடிக்குத் தண்ணீர் ஊற்றினாய். நன்றி. செடியாவது நன்றாக இருக்கட்டும்.

ஜிப்பாம். உலகத்தில் எந்தக் கவுனுக்கு முதுகில் ஜிப் இல்லை? என் காதில் பூ சுற்றாதே.

எனக்குத் தோன்றுவதைப் பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன். உனக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை. மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே நீ "நல்லவர்தான்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாய். அப்புறம் கல்யாணத் தேதி சொன்னேன், "அன்னிக்கு எனக்கு டூட்டி இருக்கான்னு பாக்கணும்" என்றாய். இப்போது எட்டு வேண்டாம். நேராக ஒன்றும் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. அதனால் துணியில் முட்டுக்கட்டை போடுகிறாய். அம்மாகூட "அவ ஏன் இப்பல்லாம் போனே பண்றதில்ல?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

விதியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நேற்று அந்தக் கடைக்குப் போன் செய்து கரும்பச்சையையே சொல்லிவிட்டேன். அளவு பார்க்க முதலில் ஒன்று அனுப்புகிறார்கள், டீச்சர் அளவில். அவள் போட்டுப் பார்த்ததும் மற்றதையும் சொல்லப் போகிறேன். மற்றது என்றால் வக்கீலுக்கு மட்டும்.

நீ என் பக்கத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனசில்லாமல் நிற்கிறவளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து நான் என்ன செய்ய? விருந்தாளியாக வா. நாற்காலி போட்டு வைக்கிறேன்.

நான்


ஜூன் 14, வெள்ளி

வாயாடிக்கு,

சரி. நாற்காலியில் உட்காருகிறேன். பின்வரிசை போதும், நான் உயரம், முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும்.

டூட்டி மாற்றிவிட்டேன். நீ தேதி சொன்ன மறுநாளே மாற்றிவிட்டேன். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நல்லவர்தான். அன்றைக்கு நான் சொன்னது அதன் முழு அர்த்தத்தில்தான். அவர் உன் பேச்சைக் கடைசி வரை கேட்கிறார். நான்கூட அவ்வளவு கேட்டதில்லை. துணி காயப்போடப் போனேன், உண்மைதான். துணி ஈரமாக இருந்தது.

நீ எழுதியதில் ஒன்று சரி. எது என்று இப்போது எழுத வரவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன், அதனால்தான் தாள் இப்படிக் கிழிந்திருக்கிறது.

நாளைக்கு வெளியூரில் ஒரு வேலை இருக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உம்மணாமூஞ்சி


ஜூன் 24, திங்கள்

அடி உம்மணாமூஞ்சி,

நேற்று டீச்சர் வந்திருந்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு.

வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. கவுனைக் கையில் கொடுத்து "போய்ப் போட்டுட்டு வா, நான் பாப்பாவப் பாத்துக்கறேன்" என்று உள்ளே அனுப்பினேன். அவள் கதவைச் சாத்தியதுதான் தாமதம், பாப்பா வீறிட ஆரம்பித்தது. தோளில் போட்டேன், ஆட்டினேன், பாட்டுகூடப் பாடினேன். என் பாட்டுக்கு அது இன்னும் உச்சத்துக்குப் போனது.

உள்ளேயிருந்து டீச்சர் குரல்: "கொண்டா, கொண்டா, இங்க கொண்டா!" ஓடினேன். அவள் முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் இழுத்தேன். அம்மா வந்து இழுத்தாள். பாப்பா அழுகிறது, டீச்சரும் அழுகிறாள், கரும்பச்சைத் துணியின் முன்பக்கம் முழுக்கப் பாலில் நனைந்துவிட்டது. கடைசியில் அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து முதுகில் ஒரே வெட்டு. குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் சத்தம் அடங்கியது.

அப்புறம் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். லாட்ஜ் பாத்ரூமில் அவள் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாளாம், மார்பு கட்டிக்கொண்டு வலி தாங்க முடியாமல். ட்ரையல் ரூமில் ஒவ்வொரு கவுனும் முதுகு ஜிப். கல்யாணத்தன்று குழந்தையை வைத்துக்கொண்டு இதை எப்படிப் போடுவது என்று உன்னிடம் கேட்டாளாம். "என்னால ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப் போச்சு. பாப்பா பேச்சே எடுக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டா. இப்ப இதுக்கும் நான்தான் தடைன்னா எனக்கே அசிங்கமா இருக்கு. நீ வேண்டாம்னு சொல்லிடு, காரணம் கேக்க மாட்டாங்க" என்று உன் கையைப் பிடித்தாளாம். நீ "உம்" என்றாயாம்.

அந்த ரயில் சட்டத்தை நான் விளையாட்டாகத்தான் போட்டேன். அவள் சிரித்தாள் என்று நம்பினேன். நேற்று அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், இன்னும் முதுகு எரிகிறது.

உன் மேல் எனக்கு இரண்டு மடங்கு கோபம். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நான் உன்னைத் தைரியமில்லாதவள் என்று எழுதினேன். கல்யாணம் பிடிக்கவில்லை என்று எழுதினேன். நீ நாற்காலியை வாங்கிக்கொண்டு பின்வரிசை கேட்டாய். இதைப் படித்துக்கொண்டு நீ இப்போதும் அந்த மூஞ்சியை அப்படியேதான் வைத்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று இடிக்கிறது. கடைசியாகப் போட்டுப் பார்த்த அந்தச் சாம்பல் நீலக் கவுன். அதற்கு முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை பட்டன். டீச்சரிடம் கேட்டேன், "அது எனக்குச் சரியாதான் இருந்துச்சு, அதுக்கு நான் வேண்டாம்னு சொல்லச் சொல்லலயே" என்றாள். வக்கீலுக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான். ஏழு வேண்டாம் டீச்சருக்காக. எட்டாவது யாருக்காக?

விதிப்படி கேட்கக் கூடாது. கேட்கிறேன்.

வாயாடி


ஜூன் 28, வெள்ளி

வாயாடிக்கு,

எனக்காக.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன், நீ குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தக் கவுனில் நாங்கள் மூன்று பேரும் கண்ணாடி முன்னால் வரிசையாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் நீ, எங்கள் கைப்பைகள் எல்லாவற்றையும் மடியில் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வாயெல்லாம் பல்லாக இருந்தாய். அதுவரைக்கும் அது எனக்கு நாலு பேர் ஊர் சுற்றப் போனதுதான். டீச்சருக்காக வேண்டாம் சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்கு வேறு நினைப்பு வரவில்லை. இந்தக் கவுனில் தடை ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது உன் கல்யாணத்துக்கான துணி. இதை வாங்கிவிட்டால் நீ போகிறாய். வாயில் "வேண்டாம்" வந்துவிட்டது. திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

உனக்குக் கல்யாணம் ஆவது எனக்குப் பிடிக்காமல் இல்லை. நீ போவதுதான் பிடிக்கவில்லை. நீ எழுதியதில் ஒன்று சரி என்று சொன்னது இதைத்தான். அன்றைக்கு மாடிக்குப் போனதும் இதற்குத்தான். துணி காய்ந்துதான் இருந்தது.

காலையில் வீட்டைப் பூட்டும்போது இன்னும் "சாவி எடுத்தியா?" என்று சத்தமாகக் கேட்கிறேன். கீழ்வீட்டு அம்மா தனக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து "எடுத்துட்டேம்மா" என்று பதில் சொல்கிறார். தினமும் சொல்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் வருத்தப்படுவார் என்று நிறுத்தாமல் இருக்கிறேன்.

ஆறு வருஷமாக நீ பேசினாய், நான் உம் கொட்டினேன். என் பங்குக்கும் சேர்த்து நீயே பேசிவிடுவாய். அதனால் எனக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. இனிமேல் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இது உன் மேல் குற்றம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்கிறேன்.

கரும்பச்சையை ரத்து செய். அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டு சாம்பல் நீலத்தைக் கேள்.

உம்மணாமூஞ்சி


ஜூலை 2, செவ்வாய்

என் உம்மணாமூஞ்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அம்மா எட்டிப் பார்த்து "இப்ப என்ன?" என்றாள். "துணி ஈரமா இல்லயாம்மா, காஞ்சுதான் இருந்துச்சாம்" என்றேன். கல்யாணப் பெண்ணுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று போய்விட்டாள்.

அப்புறம் நீ சொன்னபடி கடைக்குப் போன் செய்தேன். அதே விற்பனைப் பெண்தான் எடுத்தாள். "ஒரு மாசம் முன்னாடி நாங்க நாலு பேர் வந்தோம், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"'வேண்டாம்' மேடம் கூட வந்தவங்கதானே? மறக்க முடியுமா மேடம்!"

"அந்தச் சாம்பல் நீலம், முன்னாடி பட்டன் வச்சது…"

"அது ரெண்டு எடுத்து வச்சாச்சே. அந்த மேடமே அப்புறம் ஒரு சனிக்கிழமை தனியா வந்து எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனாங்க. என்ன பேர் போடட்டும்னு கேட்டேன். 'வேண்டாம்னே போட்டுக்கங்க'ன்னாங்க."

அந்தச் சனிக்கிழமை எது என்று எனக்குப் புரிந்தது. நீ வெளியூரில் வேலை இருக்கிறது என்று எழுதினாயே, அது. நான் உனக்கு நாற்காலி போட்ட கடிதம் உன் கையில் இருந்த நேரம். டீச்சருக்குக் கரும்பச்சை ஆகாது என்று தெரிந்து, ஒன்றும் சொல்லாமல், ரயில் ஏறிப் போய் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாய். இருக்கட்டும். அடுத்ததைக் கேள்.

"ரெண்டுதானா? மூணு இல்லயா?" என்றேன்.

"மூணாவதும் எடுத்தாங்க மேடம். போட்டுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் கண்ணாடி முன்னாடி நின்னாங்க. அப்புறம் கழட்டி அவங்களே ஹேங்கர்ல மாட்டிட்டாங்க. 'இது உங்க அளவாச்சே மேடம், எடுத்து வைக்கலயா?'ன்னு கேட்டேன். 'எனக்கு நாற்காலி'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

எனக்குப் புரிந்தது.

மூன்றாகப் போடச் சொல்லிவிட்டேன். உன் உயரத்துக்காகக் கீழ்மடிப்பை மட்டும் பிரித்து இறக்கித் தருகிறாளாம். கரும்பச்சையை ரத்து செய்ய வழியில்லை, அம்மா அதை வெட்டிவிட்டாளே. பாப்பாவுக்கு ஒரு குட்டிச் சட்டை தைக்கிறாள், முன்னால் பட்டன் வைத்து. பாப்பாவும் நம்மோடுதான் நிற்கப் போகிறது.

நான் போவதை என்னால் மாற்ற முடியாது. மாற்றவும் மாட்டேன், அவரோடு போக எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னை விட்டுப் போவது எனக்கும் பிடிக்கவில்லை. இங்கே ராத்திரி பல் தேய்த்துக்கொண்டே பேசுகிறேன், பதிலுக்கு ஒரு "உம்" வருவதில்லை. அதனால் அங்கே போனதும் எழுதுவேன், நீளமாக. நீ "உம்" என்று எழுதி அனுப்பினாலும் போதும். தபால்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நம் விதியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாலு பேரில் நான் ஒருத்திதான் அதை இதுவரை தொட்டதே இல்லை. இன்றைக்குத் தொடுகிறேன், வக்கீலிடமும் சொல்லிவிட்டேன், செல்லும் என்கிறாள்.

அந்த நாற்காலி வேண்டாம்.

காரணம் கேட்கக் கூடாது.

வாயாடி